ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: வி.ஆர். ஹெட்செட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு

மளிகை வணிகர்களின் இதழில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு என்ன வேலை என்று உறுப்பினர் பெருமக்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இன்று நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கும் பொருள்களில் வி.ஆர். ஹெட்செட்டும் சேர்ந்துவிட்டது. "கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது, ஹெட்செட் மட்டும் வாங்கினால் போதும்" என்று ஆரம்பிப்பார்கள். வாங்கிய ஒரு வாரத்தில், "படம் உதறுகிறது, தலை சுற்றுகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும்" என்பார்கள். அந்தக் கார்டின் விலை பல சமயம் ஹெட்செட்டின் விலையையே தாண்டிவிடும். சிறு கடைக்காரர் ஒருவர் பண்டிகைக் கொள்முதலுக்கு ஒதுக்கும் முதலில் அது பெரும் பங்கு.

ஆகவே, மானிட்டருக்காகத் தயாரித்த விளையாட்டை ஹெட்செட்டில் சரியாக ஓட்டுவது எப்படி, எந்த இடத்தில் செலவு தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்பதைக் குடும்பத் தலைவர்கள் அறிந்திருத்தல் நலம். பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹெட்செட்டில் அழகான படத்தைவிட, நேரம் தவறாமல் வரும் படமே முக்கியம். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

கருவி என்ன?

ஹெட்செட் என்பது கண்களை மூடினாற்போல் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவி. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு லென்சும், திரையில் தனித்தனிப் படமும் உண்டு. தலையைத் திருப்பினால் அதற்கேற்பக் காட்சியும் திரும்பும். 2012-ல் ஆக்குலஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பொதுமக்களிடமே பணம் திரட்டி இந்த வேலையைத் தொடங்கியது. 2014-ல் பேஸ்புக் நிறுவனம் அதைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-ல் ஆக்குலஸ் ரிப்ட், எச்.டி.சி. வைவ் என்ற இரண்டு ஹெட்செட்டுகள் விற்பனைக்கு வந்தன. பிறகு 2019-ல் வால்வ் இண்டெக்ஸ், 2020-ல் குவெஸ்ட் 2, 2023-ல் குவெஸ்ட் 3 வந்தன. குவெஸ்ட் வகை, கம்ப்யூட்டர் இல்லாமலும் தானே இயங்கும். கம்ப்யூட்டருடன் இணைத்தும் பயன்படுத்தலாம். நாம் இங்கே பேசுவது கம்ப்யூட்டருடன் இணைப்பதைப் பற்றித்தான்.

இரண்டு கண், இரண்டு படம்

1984-ல் வந்த "மை டியர் குட்டிச்சாத்தான்" படத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்குச் சற்றே விலகிய இன்னொரு படம்; மூளை இரண்டையும் சேர்த்து ஆழமாக உணர்ந்துகொள்கிறது. ஹெட்செட்டின் அடிப்படையும் அதுவே. வித்தியாசம் என்னவென்றால், சினிமாவில் இரண்டு படங்களும் முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டில் ஒவ்வொரு கணமும் நாம் தலை திருப்பும் திசைக்கேற்பக் கம்ப்யூட்டர் இரண்டு படங்களைப் புதிதாக வரைய வேண்டும்.

மானிட்டருக்காகச் செய்த விளையாட்டு ஒரே ஒரு படம்தான் வரையும். அதை இரண்டாக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, காட்சியை இரண்டு முறை முழுமையாக வரைவது. ஆழம் மிகத் திருத்தமாக இருக்கும். ஆனால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இரண்டாவது வழி, ஒரு படத்தை மட்டும் வரைந்து, எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்ற கணக்கைக் கொண்டு மற்றக் கண்ணின் படத்தை ஊகித்துச் செய்வது. வேலை குறைவு. ஆனால் பொருள்களின் ஓரங்களில் பிசிறு தெரியும். ஆழமும் குறைவாக இருக்கும்.

மூன்றாவது வழி, ஒரு முறை இடக்கண்ணுக்கு, மறுமுறை வலக்கண்ணுக்கு என்று மாற்றி மாற்றி வரைவது. வினாடிக்கு 90 படம் வரைந்தாலும் ஒரு கண்ணுக்கு 45 தான் கிடைக்கும். வேகமாக நகரும் பொருள்கள் இரண்டாகத் தெரியலாம்.

இந்த மாற்று வேலையைச் செய்யும் மென்பொருள்களில் வோர்ப்-எக்ஸ் என்பது விலை கொடுத்து வாங்க வேண்டியது. முதல் இரண்டு வழிகளும் அதில் உண்டு. 2024 தொடக்கத்தில் வெளிவந்த யு.இ.வி.ஆர். என்பது இலவசம். அன்ரியல் என்ஜின் 4, 5 ஆகிய அடித்தளங்களில் செய்யப்பட்ட பல விளையாட்டுகளை அது ஹெட்செட்டுக்கு மாற்றித் தரும். ஒரே ஒரு விளையாட்டுக்கென்று ஆர்வலர்கள் செய்த மாற்றங்களும் உண்டு. 2004-ல் வந்த ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டுக்கு 2022-ல் அப்படி ஒரு வி.ஆர். மாற்றம் இலவசமாக வெளிவந்தது. மூல விளையாட்டை வாங்கியிருந்தால் போதும்.

சில விளையாட்டுகளில் தயாரிப்பாளரே இந்த வசதியைச் சேர்த்துத் தருவதும் உண்டு. மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் 2020 டிசம்பரில் சேர்த்தார்கள். பிள்ளைகள் கேட்கும் விளையாட்டில் இந்த நான்கில் எது உள்ளது என்று முதலில் கேளுங்கள். தயாரிப்பாளரின் வசதி இருந்தால் அதுவே முதல் தேர்வு.

புள்ளிக் கணக்கு

இனி நமக்குப் பழக்கமான வேலைக்கு வருவோம். திரையில் உள்ள படம் பிக்சல் எனப்படும் புள்ளிகளால் ஆனது. புள்ளி எத்தனை, வினாடிக்கு எத்தனை படம் என்று பெருக்கினால் கம்ப்யூட்டரின் சுமை தெரியும்.

சாதாரண மானிட்டர்: 1920 பெருக்கல் 1080, ஆக 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 படம் என்றால் சுமார் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள்.

குவெஸ்ட் 2 ஹெட்செட்: ஒரு கண்ணுக்கு 1832 பெருக்கல் 1920, ஆக 35,17,440 புள்ளிகள். இரு கண்ணுக்கும் 70,34,880. வினாடிக்கு 90 படம் என்றால் சுமார் 63 கோடியே 31 லட்சம் புள்ளிகள்.

அதாவது ஐந்து மடங்குக்குச் சற்று மேல். இதுவும் குறைந்தபட்சக் கணக்கே. லென்ஸ் படத்தை வளைத்துக் காட்டுவதால், அதைச் சரிக்கட்டத் திரையின் அளவைவிடப் பெரிய படமாக வரைந்து பிறகு மடக்க வேண்டியிருக்கிறது. துணி வெட்டும்போது தையலுக்கு என்று கூடுதலாக விடுவது போல. ஆகவே, மானிட்டரில் ஒரு விளையாட்டு 60 படத்தில் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து ஹெட்செட்டிலும் ஓடும் என்று முடிவு செய்யக் கூடாது.

நேரம் தவறிய சரக்கு

வினாடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம், வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டதில் 11.1 பங்கு. இதை மில்லி செகண்டு என்பார்கள். 72 படம் என்றால் 13.9 மில்லி செகண்டு. 120 படம் என்றால் 8.3 மட்டுமே.

காய்கறி மண்டிக்கு விடியற்காலை நாலு மணிக்கு வர வேண்டிய லாரி எட்டு மணிக்கு வந்தால், சரக்கு எவ்வளவு நயமாக இருந்தாலும் அன்றைய வியாபாரம் போனதுதான். ஹெட்செட்டிலும் அப்படியே. 11.1 மில்லி செகண்டில் முடிய வேண்டிய படம் 12-ல் முடிந்தால், அந்தத் தவணைக்கு அது உதவாது. கருவி பழைய படத்தையே தலையின் புதிய திசைக்கேற்பச் சற்று நகர்த்திக் காட்டி ஒப்பேற்றும். இது தொடர்ந்து நடந்தால், கம்ப்யூட்டரை 45 படம் மட்டும் வரையச் சொல்லிவிட்டு, இடைப்பட்ட 45-ஐ ஊகித்துச் செய்து நிரப்பும் ஏற்பாடும் உண்டு. ஆக்குலஸ் இதை 2016-லும் ஸ்டீம் வி.ஆர். 2018-லும் கொண்டுவந்தன. விமான ஓட்டம் போன்ற நிதானமான விளையாட்டில் இது ஓரளவு தாங்கும். கை, வாள், வேகமாக ஓடும் ஆள் என்று வந்தால் ஓரங்கள் நெளிந்து தெரியும்.

மானிட்டரில் படம் சற்றுத் தாமதித்தால் நமக்கு எரிச்சல் மட்டும்தான். ஹெட்செட்டில் தலை திரும்பியும் காட்சி உடனே திரும்பவில்லை என்றால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. விளைவு, மலைப்பாதையில் பஸ் பயணம் போன ஆளுக்கு வருவது போன்ற குமட்டல். ஆகவேதான் அழகைவிட நேரம் முக்கியம் என்று சொன்னேன்.

அடைப்பு எங்கே? காசில்லாத சோதனை

கடையில் கூட்டம் தேங்கினால் ஆள் போடுவதற்கு முன் எங்கே தேங்குகிறது என்று பார்ப்போம். சீட்டு எழுதுபவரிடம் தேங்கினால், மூட்டை கட்ட நான்கு பேரைப் புதிதாகச் சேர்த்தும் பயனில்லை. கம்ப்யூட்டரில் சீட்டு எழுதும் கணக்குப்பிள்ளை, பிராசசர். சீட்டைப் பார்த்துச் சரக்குக் கட்டுபவர், கிராபிக்ஸ் கார்டு. எது தாமதம் என்று அறியாமல் கார்டு வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம்.

சோதனை எளிது. ஸ்டீம் வி.ஆர். செட்டிங்கில் படத்தின் அளவைக் குறைக்கும் வசதி உண்டு. ஒரு படத்துக்கு ஆகும் நேரத்தைக் காட்டும் வரைபடமும் அதிலேயே உண்டு. விளையாட்டில் ஒரே இடத்தில் நின்று, முதலில் சாதாரண அளவில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அளவைப் பாதியாக்கி, தேவையானால் விளையாட்டை மறுபடி தொடங்கி, அதே இடத்தில் மீண்டும் குறிக்க வேண்டும்.

நேரம் நன்றாகக் குறைந்தால், தாமதம் கிராபிக்ஸ் கார்டில். புள்ளியைக் குறைப்பதே மருந்து.

நேரம் அசையவில்லை என்றால், தாமதம் பிராசசரில். இங்கே புதிய கார்டு வாங்கினால் பலன் மிகக் குறைவு. கூட்டம், போக்குவரத்து, எவ்வளவு தூரம் வரை காட்சி தெரிய வேண்டும் என்பன போன்ற செட்டிங்குகளைக் குறைக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் யூரோ டிரக் சிமுலேட்டர் 2. ஐரோப்பிய நாடுகளில் சரக்கு லாரி ஓட்டும் இந்த விளையாட்டு 2012-ல் வந்தது. சோதனை அளவிலான வி.ஆர். வசதியும் இதற்குத் தரப்பட்டது. லாரியின் பின்பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் தெரியும் காட்சியைக் கம்ப்யூட்டர் தனியாக இன்னொரு முறை வரைய வேண்டும். ஆகவே கண்ணாடிகளின் தரத்தையும் அவற்றில் தெரியும் தூரத்தையும் குறைத்தாலே சுமை இறங்கும். ஒரு ரூபாய் செலவில்லை.

ஒரு எச்சரிக்கை. சதவீதம் என்று வந்தால் எதன் மேல் சதவீதம் என்று கேட்பது நம் தொழில் பழக்கம். இங்கும் கேட்க வேண்டும். ஸ்டீம் வி.ஆரில் 50 சதவீதம் என்றால் மொத்தப் புள்ளியில் பாதி. சில விளையாட்டுகளின் உள்ளே இருக்கும் செட்டிங்கில் சதவீதம் நீளத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியே. அங்கே 70 சதவீதம் வைத்தாலே மொத்தப் புள்ளி 49 சதவீதமாகிவிடும்.

செட்டிங் மாற்றும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றிக் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

1. எல்லாச் செட்டிங்கையும் குறைந்த அளவில் வைத்து முதலில் நேரத்துக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். அதிலும் ஓடவில்லை என்றால் அந்த விளையாட்டு அந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதல்ல.

2. வேகத்தில் படம் கலைவது போல் காட்டும் மோஷன் பிளர், தூரத்தை மங்கவைக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு, சினிமா போன்ற புள்ளிச் சிதறல் ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். இவை கேமராவின் குணங்கள். கண்ணுக்கு இவை தொல்லையே.

3. தரையிலும் தண்ணீரிலும் தெரியும் பிரதிபலிப்பு பல விளையாட்டுகளில் திரையில் உள்ள படத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அது இரு கண்ணுக்கும் வேறு வேறாகத் தெரிந்து உறுத்தும். அதையும் நிறுத்துங்கள்.

4. நிழல், மூடுபனி, மேகம் ஆகியவை அதிக நேரம் தின்பவை. நடுத்தரத்துக்குக் கீழே வையுங்கள்.

5. பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் டெக்ஸ்சர் தரத்தை மட்டும் அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம். அது கேட்பது கார்டின் நினைவக இடத்தை. நேரத்தை அதிகம் கேட்பதில்லை. குடோனில் இடம் இருக்கும்வரை சரக்கு வைப்பதில் நஷ்டமில்லை. இடம் நிரம்பி வழிந்தால்தான் படம் நின்று நின்று வரும்.

6. விளையாட்டின் உள்ளே இருக்கும் வி-சிங்க் செட்டிங்கை நிறுத்துங்கள். நேரத்தை ஒத்துவைக்கும் வேலையை ஹெட்செட்டின் மென்பொருளே செய்யும்.

7. இவ்வளவுக்குப் பிறகும் 90 எட்டவில்லை என்றால் ஹெட்செட்டை 72-க்கு இறக்குங்கள். தடுமாறும் 90-ஐவிடத் தவறாத 72 மேல். ஒப்புக்கொண்டபடி கொடுக்கும் சிறு வியாபாரிக்கே வாடிக்கையாளர் நிலைப்பார்.

நேரம் சரியான பிறகு அளவைச் சரிசெய்ய வேண்டும். கண்களுக்கு இடையே உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லி மீட்டர் அளவில் இருக்கும். குவெஸ்ட் 2-ல் 58, 63, 68 என்று மூன்று நிலைகள் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கேற்ற நிலையில் வைத்தே பார்க்க வேண்டும். மாற்று மென்பொருளில் உலக அளவு என்று ஒரு செட்டிங் உண்டு. அது தவறினால் மனிதர்கள் கொலு பொம்மை போலவோ, பனைமரம் போலவோ தெரிவார்கள். ஒரு கதவின் அருகே நின்று, கைப்பிடி இடுப்பு உயரத்தில் வரும்வரை திருத்துவது சுலபமான வழி.

எழுத்து படிப்பதும் ஒரு பிரச்சினை. 24 அங்குல மானிட்டரை 60 சென்டிமீட்டர் தூரத்தில் பார்த்தால் பார்வையின் ஒரு பாகைக்குச் சுமார் 40 புள்ளிகள் கிடைக்கும். குவெஸ்ட் 2-ல் சுமார் 20 தான். சிறிய எழுத்தும் பட்டியலும் நிறைந்த விளையாட்டு ஹெட்செட்டுக்கு ஏற்றதல்ல. விமானம், கார், லாரி என்று உட்கார்ந்து ஓட்டுபவை மிகவும் ஏற்றவை. நாமும் உட்கார்ந்திருக்கிறோம், விளையாட்டிலும் உட்கார்ந்திருக்கிறோம் என்பதால் குமட்டலும் பலருக்குக் குறைவு.

இணைப்பு

குவெஸ்ட் வகையில் கம்ப்யூட்டரின் படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டு ஹெட்செட்டுக்குப் போகிறது. கம்பி வழியானால் நல்ல யு.எஸ்.பி. 3 கேபிள் வேண்டும். கம்பியில்லாமல் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் அதே அறையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் மட்டும் அந்த ரௌட்டருடன் லேன் கேபிளால் இணைந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் காற்றுவழி, ஹெட்செட்டும் காற்றுவழி என்றால் உதறல் வருவது இயல்பு. பலர் கார்டு போதவில்லை என்று நினைக்கும் குறை, இந்த லேன் கேபிளில் தீர்ந்துவிடும்.

உடல்நலம்

முதல் நாள் பத்து நிமிடம் போதும். தலை கனத்தாலோ வயிறு புரட்டினாலோ உடனே கழற்றிவிட வேண்டும். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. கழற்றியவுடன் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு வெளியே போவதும் கூடாது. குவெஸ்டுக்கு 13 வயது என்றிருந்த வரம்பை மெட்டா நிறுவனம் 2023-ல், பெற்றோர் மேற்பார்வையுடன் 10 வயது என்று மாற்றியது. அதற்கும் கீழான குழந்தைகளுக்கு மாட்டிவிட வேண்டாம். நின்று விளையாடினால் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியையும் மேசை முனையையும் கவனியுங்கள். கருவியை வெயில் படும் இடத்தில் வைக்கவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

சட்டமும் தொழிலும்

மாற்று மென்பொருள் விளையாட்டின் உள்ளே புகுந்து வேலை செய்வது. பலர் சேர்ந்து இன்டர்நெட்டில் ஆடும் போட்டி விளையாட்டில் இதைப் பயன்படுத்தினால், மோசடி என்று கருதிக் கணக்கையே முடக்கிவிடலாம். தனியாக ஆடும் விளையாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலும் இவை நிரந்தரமானவை அல்ல. 2022-ல் டேக்-டூ நிறுவனம் எடுத்த நடவடிக்கையால் அதன் சில புகழ்பெற்ற விளையாட்டுகளுக்கான வி.ஆர். மாற்றங்கள் விலக்கப்பட்டன. ஒரு மாற்று மென்பொருளை மட்டும் நம்பிப் பெரும் பணம் போடக் கூடாது.

கடையின் மாடியில் நான்கு ஹெட்செட் வைத்து மணிக் கணக்கில் வாடகைக்கு விடலாம் என்ற யோசனையும் சில உறுப்பினர்களின் வீட்டில் எழுகிறது. ஸ்டீம் மூலம் வாங்கும் விளையாட்டின் உரிமை சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. வியாபாரத்துக்குத் தனி ஏற்பாடும் உரிமமும் தேவை. அந்தச் செலவைச் சேர்க்காமல் லாபக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. எந்த விளையாட்டு? அதற்கு வி.ஆர். வசதி தயாரிப்பாளர் தந்ததா, மாற்று மென்பொருளா?

2. இந்தக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு மானிட்டரில் எத்தனை படம் தருகிறது? 60 எட்டவே திணறினால் ஹெட்செட்டை நினைக்க வேண்டாம்.

3. ஹெட்செட்டுக்கு வேண்டிய துளை கம்ப்யூட்டரில் உண்டா? வால்வ் இண்டெக்ஸ் டிஸ்ப்ளே போர்ட் கேட்கும். பல லேப்டாப்களில் அது இருக்காது.

4. பழைய கருவியானால், இன்னும் ஆதரவு உண்டா? விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி வகை ஹெட்செட்டுகளுக்கான வசதியை 2024-ல் வந்த விண்டோஸ் 11, 24-எச்-2 பதிப்பில் மைக்ரோசாப்ட் நீக்கிவிட்டது. மலிவாகக் கிடைக்கும் அந்த வகையை வாங்கி ஏமாற வேண்டாம்.

5. பில்லும், நம் நாட்டில் செல்லும் வாரண்டியும் உண்டா?

6. பிள்ளையின் நண்பர் வீட்டிலோ, விற்பனைக் கடையிலோ அரை மணி நேரம் மாட்டிப் பார்த்தாயிற்றா? சிலருக்கு எவ்வளவு நல்ல கருவியானாலும் குமட்டல் தீராது. அது அவர்கள் குற்றமல்ல.

இந்த ஆறுக்கும் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று, உதறுகிறது என்றால், படத்தின் அளவைப் பாதியாக்கும் சோதனையைப் பிள்ளைகளை விட்டே செய்யச் சொல்லி, இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்க்காமல் புதிய கார்டுக்குச் சம்மதம் தர வேண்டாம். அளந்து பார்த்து வாங்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தால், நாளை கடையில் உட்காரும்போதும் அது உதவும்.